காலையில் 146, மாலையில் 128: எது நம் இரத்த அழுத்தம்?

பள்ளியில் மருத்துவ முகாம் நடக்கும் நாளில் ஆசிரியர் அறையில் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். “போன மாசம் வீட்டுல பார்த்தப்ப 130தான் சார் இருந்துச்சு, இன்னிக்கு 152 காட்டுது” என்று கலங்கி உட்கார்ந்திருப்பவர் ஒருவர். “124தான் டீச்சர், இனிமே மாத்திரை தேவையில்லபோல” என்று மகிழ்ச்சியோடு வகுப்புக்குக் கிளம்புகிறவர் இன்னொருவர். முதலாமவருக்கு அன்றைய இரவுத் தூக்கம் போகும். இரண்டாமவருக்குப் போகக்கூடியது அதைவிடப் பெரியது. உயர் இரத்த அழுத்தம் என்று உறுதியான ஒருவர் தானாகவே மாத்திரையை நிறுத்தினால், வலியோ தொந்தரவோ எதுவும் தெரியாமலேயே அழுத்தம் பழைய நிலைக்கு ஏறிவிடும். பக்கவாதமோ மாரடைப்போதான் முதல் அறிகுறியாக வந்து நிற்கக்கூடும். அவர் பார்த்த 124, மாத்திரை தந்த 124. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக யாரும் கண்ணாடியைத் தூக்கிப் போடுவதில்லை.

இருவரும் நினைப்பது ஒன்றுதான். உயரம், இரத்த வகை போல இரத்த அழுத்தமும் ஒருவருக்கு ஒரே எண்ணாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்டதல்ல. நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மேல் அளவு, ஒரு கீழ் அளவு உண்டு. கருவியில் நாம் பார்ப்பது அந்த இலட்சத்தில் ஓரிரு துடிப்புகளின் கணக்கை மட்டுமே. நல்ல உடல்நலத்தோடு இருப்பவருக்கும் ஒரே நாளில் மேல் அளவு 30, 40 வரை ஏறி இறங்குவது இயல்பு.

அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதை, முதன்முதலில் அளந்தவரே பார்த்துவிட்டார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண்குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு ஏறியது. 1733-இல் வெளியிட்ட தம் நூலில் இதைப் பதிவு செய்த அவர், ஏறிய இரத்தம் ஓரிடத்தில் நிற்காமல் ஒவ்வொரு துடிப்புக்கும் சில அங்குலம் மேலும் கீழும் அசைந்ததையும் எழுதியிருக்கிறார். வலியிலும் பயத்திலும் கிடந்த விலங்கின் அளவு அது. இன்றைய மருத்துவர் ஒருவர் பார்த்தால், “கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு மறுபடி பார்ப்போம்” என்றுதான் சொல்லியிருப்பார்.

தமனியைக் குத்தாமல், கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் கொண்டுவந்தார். பட்டையைத் தளர்த்தும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ஒலியைக் கொண்டு மேல், கீழ் இரண்டு அளவுகளையும் அறியும் வழியை ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் 1905-இல் சொன்னார். பத்தாம் வகுப்பில் சிஸ்டோலிக், டயஸ்டோலிக் என்று நாம் கற்பிக்கும் இரண்டு எண்கள் இவையே. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது இருப்பது மேல் அளவு. இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் வேளையில் தமனியில் மிஞ்சியிருப்பது கீழ் அளவு. அலகு பாதரசத் தம்பத்தின் மில்லிமீட்டர். இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.

ஏன் மாறுகிறது?

மாற வேண்டும் என்பதற்காகத்தான் மாறுகிறது. உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கிறார். அந்தச் சில நொடிகளில் சுமார் அரை லிட்டர் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்தால் மயக்கம் வரும். பெரும்பாலான நேரம் நமக்கு மயக்கம் வருவதில்லை. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் சரிந்ததும் அவை முகுளத்துக்குச் செய்தி அனுப்ப, ஓரிரு துடிப்புகளுக்குள் இதயம் வேகமெடுக்கிறது, சிறு தமனிகள் சுருங்குகின்றன, அழுத்தம் மீள்கிறது.

இந்தச் சிறு தமனிகள்தான் பெரிய வேலைக்காரர்கள். குழாயில் பாயும் திரவத்துக்கு ஏற்படும் தடை, குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தால் தடை 10 விழுக்காடு கூடுவதில்லை, ஏறத்தாழ 50 விழுக்காடு கூடிவிடுகிறது. கோபம், பயம், குளிர், வலி ஆகியவை இந்தக் குழாய்களைக் கொஞ்சம் இறுக்கினாலே போதும், கருவியில் எண் தாவும். எடைப் பயிற்சியில் இது உச்சத்துக்குப் போகும். கனடாவில் 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்கட்டு வீரர்கள் இரு கால்களாலும் பெரும் எடையைத் தள்ளும்போது தமனிக்குள்ளேயே நேரடியாக அளந்தார்கள். சராசரி 320/250. எடையை இறக்கிய சில நொடிகளில் அழுத்தமும் இறங்கியது. அவர்களுக்கு யாரும் உயர் இரத்த அழுத்த நோய் என்று பெயர் வைக்கவில்லை.

நாள் முழுவதற்கும் ஒரு தாளமும் உண்டு. இரவுத் தூக்கத்தில் பகல் அளவைவிட 10 முதல் 20 விழுக்காடு குறையும். விடியலில் எழும் நேரத்தில் விரைவாக ஏறும். வேலை நேரத்தில் உயர்ந்து, மாலைக்குப் பின் தணியும். குளிர்காலத்தில் சற்றுக் கூடும், கோடையில் சற்றுக் குறையும். சித்திரை வெயிலில் சிலருக்கு, குறிப்பாகச் சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அதை மருத்துவரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது: பேச்சு. பேசும்போது மேல் அளவு சுமார் 10 வரையோ அதற்கு மேலோ கூடுவதுண்டு. ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி நாற்பது நிமிடம் பேசிவிட்டு, மணியடித்ததும் நேராகப் போய்க் கையை நீட்டினால், கருவி காட்டுவது அந்தப் பாடவேளையின் அளவு.

கையை எங்கே வைத்தீர்கள்?

உடலில் நடக்கும் மாற்றங்கள் ஒருபுறம் இருக்க, எண்ணில் தெரியும் மாற்றத்தில் பாதிக்கு மேல் அளக்கும் விதத்தால் வருவது என்பது பல முகாம்களைப் பார்த்த என் எண்ணம். அதில் முதலிடம் கைக்குத்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பாய்மங்கள் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். திரவத்தின் ஆழம் கூடக் கூட அழுத்தமும் கூடும். நம் உடல் ஆறடிக்குச் சற்றுக் குறைவான ஒரு இரத்தத் தம்பம். 120 மி.மீ. பாதரசத்தை நீர்த் தம்பமாக மாற்றினால், 120 × 13.6 = 1632 மி.மீ., அதாவது சுமார் 163 செ.மீ. நம்மில் பலருடைய உயரம் அது. இரத்தத்தின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம் என்பதால், பட்டை கட்டிய இடம் இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் அளவு ஏறத்தாழ 8 கூடுதலாகக் காட்டும். 10 செ.மீ. மேலே இருந்தால் 8 குறைவாகக் காட்டும். இதில் இதயத்துக்கோ தமனிக்கோ எந்தப் பங்கும் இல்லை. முழுக்க இயற்பியல்.

இதை மனிதர்களிடம் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், கையை மேசை மேல் வைத்து அளந்ததோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தபோது மேல் அளவு சராசரியாக ஏறத்தாழ 4 அதிகமாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டபோது 6.5 அதிகமாகவும் வந்தது. 136 உள்ள ஒருவர் 142 ஆகிவிடுவார். மருத்துவ நிலையங்களில் 140/90 என்பதே உயர் அழுத்தத்துக்கான எல்லையாக உலக சுகாதார நிறுவனம் கொள்ளும் அளவு. கை தொங்கியதால் மட்டும் ஒருவர் எல்லையைத் தாண்டலாம் என்று இதற்குப் பொருள். மணிக்கட்டில் கட்டும் கருவிக்கு இது இன்னும் பொருந்தும். மணிக்கட்டு இதயத்துக்கு 30 செ.மீ. கீழே இருந்தால் தவறு 20-ஐத் தாண்டும். வாங்குவதானால் மேற்கையில் கட்டும் கருவியே நல்லது.

கைக்கு அடுத்தது பட்டை. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாக வரும். சட்டைக் கைக்கு மேலேயே கட்டுவது, மடித்த சட்டை மேற்கையை இறுக்கியபடி இருப்பது இரண்டும் அளவைக் கெடுக்கும். முதுகு சாயாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பது, கால் மேல் கால் போடுவது, பதினோரு மணித் தேநீரைக் குடித்த கையோடு அளப்பது என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் சேர்க்கும். மூட்டு வலிக்கென்று கடையில் நாமே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பலவும், மூக்கடைப்புக்கான சில மருந்துகளும் அழுத்தத்தை உண்மையாகவே ஏற்றும். மருத்துவரிடம் இவற்றைச் சொல்ல நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றைச் சொல்லத் தயங்கக் கூடாது. நிறைந்த சிறுநீர்ப்பையோடு அளந்தால் மேல் அளவு 10 வரை கூடும். காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் மதிய இடைவேளை வரை கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொள்வதும், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் நம் ஆசிரியைகள் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அளவுக்காக மட்டுமின்றிச் சிறுநீரகத்துக்காகவும் இது தலைமையாசிரியர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

எலக்ட்ரானிக் கருவி, கொரட்காஃப் சொன்ன ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்றில் ஏற்படும் சிறு அதிர்வுகளிலிருந்து கணக்குப் போடுகிறது. கையை அசைத்தாலோ பேசினாலோ அதற்குக் குழப்பம் வரும். சீரற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும் அப்படித்தான். கையால் பம்ப் அடிக்கும் கருவிக்கு வேறொரு குறை உண்டு. அதில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருந்தும், பார்ப்பவர் 130/80, 140/90 என்று முழு எண்ணாக்கி எழுதிவிடுவார். ஒரு பள்ளியின் பட்டியலில் எல்லா அளவும் பூஜ்யத்தில் முடிந்தால், எல்லா அளவீடும் அச்சுப் பிசகாமல் வந்திருக்கும் செய்முறை ஏட்டைப் பார்க்கும்போது வரும் அதே சந்தேகம் நமக்கு வர வேண்டும்.

வெள்ளை அங்கியைக் கண்டால்

சிலருக்கு மருத்துவமனையில் மட்டும் அளவு கூடும். வீட்டில் இயல்பாக இருக்கும். நோய் பற்றிய பயம், காத்திருந்த களைப்பு, மருத்துவரைக் கண்டதும் வரும் படபடப்பு எல்லாம் சேர்ந்த விளைவு இது. மருத்துவர்கள் இதை வெள்ளை அங்கி விளைவு என்பார்கள். ஆய்வாளர் பள்ளிக்கு வரும் நாளில் நன்றாகப் படிக்கும் பிள்ளையும் திணறுவதுபோல. இதை வைத்து “எனக்கு இருப்பது வெறும் பயம்தான்” என்று தள்ளிவிடவும் முடியாது. இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் உண்மையான உயர் அழுத்தம் வருகிறது. எனவே ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருவது. மருத்துவமனையில் இயல்பாக இருந்து, வேலையிலும் வீட்டிலும் கூடுதலாக இருப்பது. மறைந்த உயர் அழுத்தம் என்று இதைச் சொல்லலாம். முகாமில் 128 வந்தவர் என்பதால் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை அழுத்தம், புகை, மது, தூக்கக் குறைவு உள்ளவர்களிடம் இது அதிகம். வீட்டில் அளப்பதும், தேவைப்பட்டால் 24 மணி நேரம் கையில் கட்டியிருக்கும் கருவியால் அளப்பதும்தான் இதைக் கண்டுபிடிக்கும் வழிகள்.

ஒரு தேர்வு மதிப்பெண்ணா, ஆண்டு முழுவதுமா?

ஒரே ஒரு வகுப்புத் தேர்வை வைத்து ஒரு மாணவரை நாம் எடைபோடுவதில்லை. அன்று காய்ச்சல் இருந்திருக்கலாம், படித்த கேள்வியே வந்திருக்கலாம். பல தேர்வுகளின் சராசரியில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் ஒன்றையொன்று கழித்துவிடும். இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவ உலகம் பரிந்துரைப்பது இதே வழியைத்தான்.

வீட்டில் அளக்கும் முறை இது. ஏழு நாட்கள், காலையும் மாலையும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கும் மாத்திரை போடுவதற்கும் முன். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, தேநீர், புகை, உடற்பயிற்சி எதுவும் கூடாது. முதுகு சாய்ந்த நாற்காலியில், இரு பாதங்களும் தரையில் பதிய, மேற்கை இதய மட்டத்தில் இருக்கும்படி மேசை மேல் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கைப்பேசியும் வேண்டாம். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். நன்றாக வந்த எண்ணை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் ஏழு நாள் உழைப்பும் வீண். முதல் நாளின் அளவுகளை விட்டுவிட்டு, மீதி ஆறு நாட்களின் 24 அளவுகளுக்குச் சராசரி காண வேண்டும். முதல் முறை பார்க்கும்போது இரண்டு கைகளிலும் பார்த்து, எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையையே தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. இரு கைகளுக்கும் எப்போதும் 10-க்கு மேல் வேறுபாடு இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் நோட்டில் மேல் அளவின் நாள் சராசரிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 148, 136, 131, 139, 126, 134, 132. முதல் நாளின் 148-ஐ விட்டுவிட்டால், மற்ற ஆறின் கூட்டுத்தொகை 798, சராசரி 133. வீட்டு அளவுக்கான எல்லை 140/90 அல்ல, அதைவிடச் சற்றுக் குறைவாக 135/85. எனவே இவர் எல்லைக்கு உள்ளே இருக்கிறார், ஆனால் எல்லைக்கு மிக அருகில். உப்பையும் எடையையும் குறைத்து, நடைப்பயிற்சியைத் தொடங்கி, சில மாதங்களில் மறுபடி ஒரு வாரம் அளக்க வேண்டியவர். முதல் நாளை மட்டும் பார்த்திருந்தால் நோயாளி என்றும், ஐந்தாம் நாளை மட்டும் பார்த்திருந்தால் கவலையே வேண்டாம் என்றும் சொல்லியிருப்போம். கீழ் அளவுக்கும் தனியே சராசரி கண்டு 85-உடன் ஒப்பிட வேண்டும். இரண்டில் ஒன்று எல்லையை எட்டினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நோட்டு இன்னும் பயன்படும். மாத்திரை போதுமா, கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்க அவர் அறையில் எடுக்கும் ஒற்றை அளவைவிட இது நல்ல ஆதாரம். நம் ஊர்களில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடமும் இதைக் காட்டலாம். தினமும் பத்து முறை அளந்து, ஏறினால் ஒன்று கூடுதலாகப் போட்டு, இறங்கினால் விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. மாத்திரை வேலை செய்வது பல நாட்களின் சராசரியில்.

சராசரிக்குக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. அளவு 180/120-ஐத் தொட்டால், அமைதியாக ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்கக் கூடாது, உடனே 108. முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது போன்றவை அளவு இயல்பாக இருக்கும்போது வந்தாலும் அப்படித்தான்.

வகுப்பறையில் இதைப் பயன்படுத்த நினைக்கும் அறிவியல், கணித ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பெயர் குறிப்பிடாமல் ஒருவரின் ஒரு வார அளவுகளைக் கொடுத்து, சராசரி, வீச்சு கண்டு, வரைபடம் வரையச் சொல்லலாம். கையைத் தொங்கவிட்டும் உயர்த்தியும் ஆசிரியர் தம் கையிலேயே அளந்து காட்டினால் பாய்ம அழுத்தப் பாடம் மறக்காது. மாணவர்களுக்கு நாடித்துடிப்பு போதும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணிப் பட்டியலிடட்டும். அவர்கள் கையில் பட்டை கட்டி 120/80-உடன் ஒப்பிட வேண்டாம். குழந்தைகளுக்கு இயல்பு அளவு வயது, பாலினம், உயரம் மூன்றையும் பொறுத்து மாறுவது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர்.